ஒயில் லைற் மினுங்கினால் உடனே இஞ்சினை இறக்காதீர்கள்

பழைய கார் வைத்திருக்கிற நாலு பேரிடம் ஒயில் பிறெசர், அதாவது பம்ப் இஞ்சினுக்குள் ஒயிலைத் தள்ளுகிற அழுத்தம், எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நாற்பது என்பார், ஒருவர் அறுபது என்பார், இன்னொருவர் லைற் எரியாட்டில் காணும் என்பார். அவரவர் காரைப் பொறுத்தவரை எல்லாருமே சரியாக இருக்கலாம். எந்த இஞ்சின், என்ன ஒயில், எவ்வளவு சூடு, நிமிஷத்துக்கு எத்தனை சுற்றில் ஓடுகிறது என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதை யாராவது முதலிலேயே என்னைப் பிடித்து இருத்திச் சொல்லியிருந்தால் மூன்று லட்சம் ரூபாய்க்குக் கிட்டக் காசும், ஒரு வருஷத்தில் பெரும்பகுதியும், கொஞ்ச நித்திரையும் மிச்சமாகியிருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

என்னுடையது மொறிஸ் மைனர் 1000. 1959 ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி இஞ்சின். வடமராட்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீட்டில் நின்றது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துக்கும் கிடைக்காத சாமான். அப்போது இங்கே றோட்டில் ஓடியவை இந்த மொறிசுகளும் ஒஸ்ரின்களும்தான். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, அந்த மணம், இன்னும் எனக்கு மூக்கில் நிற்கிறது. என் காரும் அப்படி ஓடியதுதான். வாத்தியாரின் மகன் அதைப் பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகவே கேட்டுக்கொண்டேன். இஞ்சினுக்கு அது பெருமை அல்ல. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும். அந்தக் காலத்தில் கிடைத்த சாமானை வைத்துக் காரை உயிரோடு வைத்திருக்க என்னென்ன செய்தார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் என் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருந்தது.

கார் வாங்கி முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் கிளிநொச்சிக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பி வரும்போது, நல்ல மத்தியான வெயிலில், றெயில் கடவையில் கார் நின்றது. கேற் பூட்டியிருந்தது. அப்போதுதான் ஸ்பீடோமீற்றருக்குள் இருக்கிற, பிறெசர் குறைந்தால் எரிகிற ஒயில் லைற் மெல்ல மினுங்கியது. அக்சிலேற்றரைத் தொட்டால் அணைகிறது, காலை எடுத்தால் திரும்ப மினுங்குகிறது. எனக்கு அடிவயிறு எரிந்தது. இஞ்சினை நிப்பாட்டினேன். பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், பிள்ளைகள் என்ன அப்பா என்கிறார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மரத்துக்குக் கீழே ஒதுக்கி நன்றாக ஆறவிட்டு, இருபது மைல் வேகத்தில் உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1000 இல் ஒயில் கேஜ் கிடையாது, லைற் மட்டும்தான். அந்த லைற்றின் சுவிட்ச் பொதுவாக 5 முதல் 10 பவுணுக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண் என்பதைத்தான் கராஜில் சுருக்கமாகப் பவுண் என்கிறோம்) வேலை செய்கிற சுவிட்ச். லைற் அணைந்திருக்கிறது என்றால் பிறெசர் அதற்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். 12 ஆக இருந்தாலும் அணைந்திருக்கும், 60 ஆக இருந்தாலும் அணைந்திருக்கும். சூடான இஞ்சின் ஐடிலில் (அக்சிலேற்றரை மிதிக்காமல்) நிற்கும்போது மட்டும் மினுங்கி, கொஞ்சம் றேஸ் பண்ண அணைந்தால் ஆறுதலாகப் பார்க்க நேரம் இருக்கிறது. ஓட்டத்தில், நாற்பது மைல் வேகத்தில் எரிந்தால் நேரம் இல்லை. கிளச்சை மிதித்து, சாவியைத் திருப்பி, கரையில் உருட்டி நிப்பாட்டவேண்டும். வீடு கிட்டத்தானே என்று ஓட்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கவும் மாட்டேன், அந்தப் பயத்தில் அடுத்த நாளே ஓடிப்போய் ஒரு கராஜில் காரைக் கையளித்திருக்கவும் மாட்டேன்.

கராஜ்காரர் பொனற்றைத் திறந்தார், றேஸ் பண்ணிக் கேட்டார். "கிறாங்க் முடிஞ்சுது தம்பி. பெயாரிங் எல்லாம் போட்டுது. இறக்கத்தான் வேணும்" என்றார். கிறாங்க் என்பது பிஸ்ரன்கள் சுற்றுகிற பெரிய தண்டு, பெயாரிங் அது உள்ளே ஓடுகிற உறை. உறை தேய்ந்தால் ஒயில் அதனால் வழிந்து பிறெசர் விழும். இறக்குவது என்றால் இஞ்சினை வெளியே எடுத்துப் பிரிப்பது. அவர் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. ஒயில் எத்தனை மாதம் பழசு என்று கேட்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பழைய இஞ்சின், லைற் மினுங்குகிறது, ஆகவே பெயாரிங். பத்துக்கு ஆறு தரம் அது சரியாகவும் இருக்கும். மிச்ச நாலு தரம் யாருடைய காசு போகிறது என்பதுதான் கேள்வி.

உடனே இறக்க மனம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் எஸ்.ஏ.ஈ. 50 என்கிற தடித்த ஒயில் விடச் சொன்னார். இன்னொருவர் ஒயிலைத் தடிப்பாக்குகிற மருந்து ஒன்று ரின்னில் வாங்கித் தந்தார். பனங்கட்டிப் பாணி மாதிரி இழுபடும் சாமான். விட்டதும் லைற் மினுங்குவது நின்றது. சில கிழமை சந்தோசமாகத் திரிந்தேன். பிறகு திரும்பவும் தொடங்கியது. தடித்த ஒயில் ஐடில் பிறெசரைத் தூக்கிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் காலையில் குளிர் இஞ்சினில் அது மேலே வால்வுகளை அமத்துகிற றொக்கருக்குப் போய்ச் சேரச் சுணங்கும், தேய்மானத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான். பிறெசர் என்பது ஒயிலின் ஓட்டத்துக்கு ஒரு தடை இருக்கிறது என்பதன் அளவு. கேஜில் முள்ளு உயர்ந்து நிற்பதால் எல்லா இடத்துக்கும் ஒயில் போகிறது என்று அர்த்தம் இல்லை. இதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்தது கேஜ். கொழும்பில் இருந்து ஒரு எலெக்ரிக் கேஜ் எடுப்பித்தேன். மலிவு, வடிவான நீல லைற் எல்லாம் இருந்தது. பூட்டிப் பார்த்தால் ஓட்டத்தில் 5 காட்டுகிறது, நிப்பாட்டினால் வேறெங்கோ நிற்கிறது. கராஜ்காரருக்கு அது போதும். "பாத்தியளே, அஞ்சுதான் இருக்கு." அந்தக் கேஜ் ஏன் அப்படிக் காட்டியது என்பதற்குக் குறைந்தது மூன்று காரணம் இருந்தது என்று இப்போது தெரியும். மொறிஸ் மைனரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் எர்த்தாகி இருக்கும். இன்றைய கேஜ்கள் எல்லாம் நெகற்றிவ் எர்த் காருக்குச் செய்தவை. இரண்டாவது, பிறெசரை வயர் வழியாகக் கேஜுக்குத் தெரிவிக்க இஞ்சினில் பூட்டுகிற சென்டரும் கேஜும் சோடியாக இருக்கவேண்டும். ஐரோப்பியச் சென்டர் பிறெசர் ஏற ஏற 10 ஓமில் இருந்து 180 ஓமுக்குப் போகும், அமெரிக்கச் சென்டர் 240 இல் இருந்து 33 க்கு இறங்கும். ஒன்றின் கேஜை மற்றதன் சென்டரோடு கொளுவினால் முள்ளு தலைகீழாகத்தான் ஆடும். மூன்றாவது, சென்டருக்கு எர்த் கிடைப்பதே அதன் புரி வழியாக. அதில் வெள்ளை ரேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டால் எர்த் அரைகுறையாகிவிடும். புரி என்றதும் இன்னொன்று: எட்டில் ஒரு அங்குலப் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ்) புரியும் என்.பி.ரி. (அமெரிக்க) புரியும் கண்ணுக்கு ஒரே மாதிரி, அங்குலத்துக்கு 28 புரிக்கும் 27 புரிக்கும்தான் வித்தியாசம். முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். வலுக்கட்டாயமாக இறுக்கினால் பிளொக்கில் உள்ள புரி போய்விடும், அது வேறு செலவு.

ஆக இஞ்சின் இறங்கியது, 2022 தொடக்கத்தில். அந்த வருஷம் இலங்கையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாமான் விலை கேட்டபோது டொலர் இருநூறு ரூபாய்க்குச் சற்று மேலே. காசு கட்டும்போது 350 ஐத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் இருந்து வந்த மெயின் பெயாரிங், பிக்-எண்ட் பெயாரிங், திறஸ்ற் வோஷர், ஒயில் பம்ப், கேஸ்கற் செற், அதற்கு அனுப்புகூலி, தீர்வை எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். கிறாங்கைக் கொழும்புக்கு அனுப்பி 10 தௌசன்ட் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கடைந்து எடுக்க 35,000. கராஜ் கூலி 85,000. ஒயில், பில்ரர், கிளச் பிளேற் என்று இன்னும் 25,000. மொத்தம் 2,85,000. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, கடதாசி இல்லாமல் பிள்ளைகளின் பரீட்சை தள்ளிப்போன காலத்தில் இந்தக் காசை ஒரு பழைய காருக்குள் கொட்டினேன் என்று மனுசி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா. சொல்லட்டும்.

ஒயில் பம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மைனரில் இருக்கிற இந்த ஏ-சீரிஸ் இஞ்சினில் பம்ப் பின்பக்கத்தில், பிளைவீலுக்கும் பின் தகட்டுக்கும் உள்ளே, காம்சாப்ற்றின் (வால்வுகளைத் திறக்கிற தண்டின்) கடைசியில் கொளுவி ஓடுகிறது. சம்பை, அதாவது அடியில் ஒயில் நிற்கிற தொட்டியை, கழற்றிவிட்டுப் பம்பை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அவர் இந்த இஞ்சினைத் திறந்தவர் இல்லை. கியர்பொக்ஸ், கிளச், பிளைவீல் எல்லாம் கழரவேண்டும். அதனால் இறங்கிய இஞ்சினில் பம்பை மாற்றியது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் புதுப் பம்ப் காய்ந்து இருந்தால் ஒயிலை இழுக்காது. முதல்நாள் ஸ்ராட் பண்ணியபோது லைற் அணையவே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நல்ல காலம், உடனே நிப்பாட்டினோம். பிளக்குகளைக் கழற்றி, லைற் சுவிட்ச் இருக்கிற துவாரத்தால் ஒயில் கானில் ஒயிலை அடித்து, ஸ்ராட்டரில் மட்டும் சுற்றவிட்டு, லைற் அணைந்த பிறகுதான் பிளக்கைப் பூட்டினோம். பம்பைப் பூட்டும்போதே உள்ளே வஸ்லின் தடவிப் பூட்டினால் இந்த நெஞ்சிடி இல்லை. இஞ்சின் வேலை செய்விப்பவர்கள் இதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

அப்போது பெற்றோலுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கியூஆர் கோட்டா. அதைச் சேர்த்து வைத்து, ஆசையாசையாகச் சாவகச்சேரி வரை ஓடினேன். திரும்பி வந்து வீட்டு வாசலில் கேற் திறக்கும்வரை ஐடிலில் நின்றேன். லைற் மினுங்கியது. பழையபடி. நான் இறங்கி விறாந்தையில் இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மனுசி வந்து பார்த்துவிட்டு, "வித்துப்போட்டு விடுங்கோவன்" என்று மெதுவாகச் சொன்னா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுன்னாகப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், இப்போது கராஜ் இல்லை, வீட்டுக் கொட்டிலில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்ப்பார். வேறு அலுவலாகப் போனபோது இதைச் சொன்னேன். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைக் கேள்வி கேட்டார். "குளிரில ஸ்ராட் பண்ணின உடனை எவ்வளவு நிக்குது தம்பி?" தெரியாது ஐயா. "நாப்பதில ஓடேக்க?" தெரியாது. "ஐடில் எத்தினை சுத்து?" அதுவும் தெரியாது. "அப்ப என்னத்தைப் பாத்து இறக்கினவங்கள்?" எனக்குப் பதில் இல்லை.

அவரிடம் ஒரு பழைய கேஜ் இருந்தது. வயர் இல்லை, சென்டர் இல்லை. மெல்லிய செப்புக் குழாயால் ஒயிலே நேராகக் கேஜுக்குள் போகும். லைற் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பூட்டினார். குளிர் இஞ்சினில் 35. வியப்பாகப் பார்த்தார். பிறகு என்னை அரை மணித்தியாலம் றோட்டில் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். தண்ணீர் கெதியாகச் சூடாகிவிடும், ஒயில் சூடாக அதைவிட நேரம் எடுக்கும், அதனால் றேடியேற்றர் சூட்டை வைத்து ஒயிலை மட்டுக்கட்டக் கூடாது. திரும்பி வந்து பார்த்தால் ஐடிலில் 6. றேஸ் பண்ணினால் 25 வரை வந்து அதற்கு மேல் அசையவில்லை, எவ்வளவு மிதித்தாலும். "பெயாரிங் போன இஞ்சின் எண்டால் குளிரில வடிவா அறுபதுக்குப் போயிருக்கும். சூடாகத்தான் விழும். இது குளிரிலயும் ஏறேல்லை, சுத்துக் கூட்டியும் ஏறேல்லை. ஒயில் எங்கயோ குறுக்கால வழியிது" என்றார்.

இஞ்சின் பிளொக்கின் பின்பக்கம், வெளியிலேயே, குமிழ் மாதிரி ஒரு பெரிய நட் இருக்கிறது. அதற்குள்ளேதான் றிலீஃப் வால்வ். பம்ப் தேவைக்கு மேல் அடிக்கிற ஒயிலைத் திரும்பச் சம்புக்குள் விடுகிற கதவு அது. வழியை அடைக்கிற ஒரு சின்னப் பிளஞ்சர், அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிறிங், இரண்டு வோஷர். ஸ்பானர் ஒன்று போதும். கழற்றி எடுத்தார். பிளஞ்சரின் முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு கீறல், அதனால் அது சீற்றில் (அது அமர்ந்து மூடுகிற இடத்தில்) ஒருநாளும் முழுதாக இருந்ததில்லை, ஐடிலிலும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்பிறிங்கைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மொறிஸ் ஸ்பிறிங் இல்லைத் தம்பி. தண்ணி இறைக்கிற மெசின்ர." கையேட்டின்படி இந்த ஸ்பிறிங் தனியாக இருக்கும்போது 72.6 மில்லிமீற்றர் நீளம் இருக்கவேண்டும். என்னுடையது விரல் அகலம் கட்டை, கம்பியும் மெல்லிசு. தடைக் காலத்தில் யாரோ ஒருவர், ஒரிஜினல் உடைந்தோ தொலைந்தோ போய், தோட்டத்து இறைப்பு மெசினில் இருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கிறார். கார் ஓடியிருக்கிறது. அவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் அந்தக் கார் யாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதோ. ஆனால் 2022 இல் இஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டியவர்கள் அந்த நட்டைத் தொடவே இல்லை. அதன் மேல் பழைய பெயின்ற் அப்படியே இருந்தது.

புதுப் பிளஞ்சரும் ஸ்பிறிங்கும் வோஷரும் எடுப்பிக்க நாலாயிரம் ரூபாய்கூட முடியவில்லை. சீற்றை ஐயா வால்வ் மா (வால்வ் தேய்க்கிற பசை) தடவி ஒரு தடியில் பிளஞ்சரை ஒட்டித் தேய்த்துத் துப்பரவாக்கித் தந்தார். தேய்த்த பிறகு அந்த மாவின் ஒரு துளிகூட உள்ளே இருக்கக்கூடாது, அதைத் துடைப்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். பூட்டிப் பார்த்தோம். குளிரில் 65. சூடாகி நாற்பது மைல் வேகத்தில் 57, 58. ஐடிலில் 18. அந்த இஞ்சினுக்குக் கையேடு சொல்வது ஓட்டத்தில் 60, ஐடிலில் 15. எனக்கு அழுகை வந்தது, சந்தோசமா வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கராஜில் இருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய பெயாரிங்குகளை ரின்னோடு கொண்டுபோய்க் காட்டினேன். முழுக்க ஒரே சாம்பல் நிறம், தேய்ந்தால் வெளியே தெரிகிற செம்பு எங்கும் தெரியவில்லை, கீறலும் இல்லை. "இன்னும் கன காலம் ஓடியிருக்கும்" என்று மட்டும் சொல்லி மூடியைப் போட்டார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். அதில் காசு இல்லை, உண்மை இருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்ததையும் சேர்த்து, முள்ளை எப்படி வாசிப்பது என்று எழுதுகிறேன். குளிரில் நன்றாக ஏறி, சூடானதும் ஐடிலில் விழுந்து, சுற்றுக் கூட்டக் கூட்டத் திரும்ப ஏறினால் அது பழைய இஞ்சினின் இயல்பு. விழுகிற அளவு கூடக்கூடத்தான் பெயாரிங்கைச் சந்தேகிக்கவேண்டும், அதுவும் கீழே உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கூட வந்தால். குளிர், சூடு, ஐடில், ஓட்டம் எல்லாவற்றிலும் குறைவாக, ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றால் முதலில் றிலீஃப் வால்வ், பிறகு பம்ப். ஓட்டத்தில் ஏறிவிட்டு, சுற்று மிகக் கூடும்போது விழுந்தால் சம்புக்குள் இருக்கிற சல்லடை அடைபட்டிருக்கலாம், அல்லது ஒயில் மட்டம் குறைவு. முள்ளு நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. ஐடிலில் மட்டும் பிரச்சினை என்றால் முதலில் ஐடிலைப் பாருங்கள். மைனருக்கு 500 சுற்று. சத்தம் இல்லாமல் அழகாக ஓடுகிறது என்று காபரேற்றர் திருகாணியை 350 க்கு இறக்கி வைத்திருந்தால் எந்தப் பம்பும் 15 தராது. பெயாரிங்கும் வால்வும் சரி, ஆனாலும் பிறெசர் இல்லை என்றால் காம்சாப்ற்றைப் பாருங்கள். 948 இல் அதன் முன் பெயாரிங்குக்கு மட்டும்தான் புஷ் (தனி உறை) உண்டு, நடுவும் பின்னும் நேராகப் பிளொக் இரும்பில் ஓடுகின்றன. அங்கே தேய்ந்தால் கிறாங்கை எத்தனை தரம் கடைந்தும் பிரயோசனம் இல்லை.

இந்த 60, 15 எல்லாம் என் இஞ்சினுக்குத்தான். மற்றக் கார்க்காரர்கள் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஆயிரம் சுற்றுக்குப் 10 பவுண் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், பல இஞ்சின்களுக்கு ஓரளவு பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. எம்ஜிபி காரின் கையேட்டில் ஓட்டத்தில் 50 முதல் 80, ஐடிலில் 10 முதல் 25 என்று போட்டிருக்கிறது, எவ்வளவு அகலமான இடைவெளி என்று பாருங்கள். காற்றில் ஆறுகிற பழைய ஃபோக்ஸ்வாகன் பீற்றிலுக்கு 2500 சுற்றில் 28 இருந்தாலே குறைந்தபட்சம் தாண்டிவிட்டது. 1953 க்கு முந்திய செவ்ரோலே ஆறு சிலிண்டரில் கொனெக்டிங் றொட் பெயாரிங்குகளுக்கு ஒயில் பீச்சித் தெறிக்க வைத்துத்தான் போகும், அங்கே 15 பவுண் என்பது நல்ல ஆரோக்கியம். ஒஸ்ரின் செவன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று பவுணே சாதாரணம், ஆரம்பகால வண்டிகளில் கேஜ்கூட இல்லை, பிறெசர் வந்தால் டாஷ்போட்டில் ஒரு சின்னப் பொத்தான் வெளியே தள்ளும். போர்ட் மொடல் ரி-யில் ஒயில் பம்பே கிடையாது. ஒரு மொடல் ரி-க்காரர் என் 15 ஐக் கேட்டால் சிரிப்பார். பழைய இத்தாலிக் கேஜ்களில் எண் சின்னதாக இருந்து பயப்படுபவர்களும் உண்டு: அது பவுண் அல்ல, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ. 4 என்று காட்டினால் ஐம்பத்தேழு பவுணுக்குக் கிட்ட.

ஒயில் விஷயத்தில் நான் இப்போது 20 டபிள்யூ 50 மினரல் ஒயில்தான் பாவிக்கிறேன், பில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர் பிடிக்கும். எங்கள் வெயிலுக்கு இந்த இஞ்சினுக்கு அது சரி. புதுக் காருக்கு விடுகிற 5 டபிள்யூ 30 நல்ல ஒயில், ஆனால் இதன் இடைவெளிகளுக்கு மெல்லிசு, சூட்டில் முள்ளு இறங்கிவிடும். டிப்ஸ்ரிக்கை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தாலோ, ஒயில் விடாமலே மட்டம் ஏறியிருந்தாலோ, சோக் முழுதாகத் திரும்பவில்லையா, காபரேற்றர் வழிகிறதா என்று பார்த்து, ஒயிலை மாற்றிவிட்டுப் பிறகு பிறெசரைப் பாருங்கள். அழுக்கு ஒயிலோடு எடுத்த அளவை வைத்து ஒரு முடிவுக்கும் வரவேண்டாம்.

ஸ்பிறிங்குக்குப் பின்னால் வோஷர் வைத்து அடைத்தால் பிறெசர் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். ஏறும். ஓட்டத்தில் உள்ள பிறெசர் ஏறும், ஐடிலில் ஒன்றும் மாறாது, ஏனென்றால் ஐடிலில் அந்த வால்வ் மூடித்தான் இருக்கவேண்டும். எண் வடிவாகத் தெரியும், பில்ரர் சீலும் பம்ப் கொளுவுகிற இடமும் அந்த வடிவுக்கு விலை கொடுக்கும். 90 பவுண் காட்டுகிற மைனர் 60 காட்டுகிற மைனரைவிட நல்லது இல்லை.

கேஜ் வாங்குவதானால் குழாய் வைத்த மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை வாங்குங்கள். எங்கள் ஊரில் பழைய லொறிச் சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். நைலோன் குழாய் போட்டதானால் எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம், உருகினால் கொதிக்கிற ஒயில் பீச்சும். செப்புக் குழாயானால் இடையில் இரண்டு சுற்று வளையம் விடுங்கள், இல்லாவிட்டால் இஞ்சின் நடுக்கத்தில் வெடிக்கும். நான் நிரந்தரமாகப் பூட்டவில்லை. வருஷத்தில் சில தரம் பூட்டி, குளிர், சூட்டு ஐடில், நாற்பது மைல் என்று மூன்று எண்ணையும் கொப்பியில் எழுதிவிட்டு, திரும்ப லைற் சுவிட்சைப் போட்டுவிடுவேன். ஒரு எண் தனியாக ஒன்றும் சொல்லாது, போன வருஷத்து எண்ணோடு வைத்துப் பார்த்தால் சொல்லும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் நீங்கள் வர முதலே இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பொனற்றில் கை வைத்துக் குளிராக இருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொல்லி, கேஜைப் பூட்டிப் பார்த்து, அரை மணித்தியாலம் ஓட்டி, திரும்ப வந்து ஐடிலில் பாருங்கள். விற்பவர் முகம் சுழித்தால் அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனரானால் அந்தக் குமிழ் நட்டைக் கழற்றி ஸ்பிறிங்கை அளந்து பாருங்கள். திரும்பப் பூட்டும்போது வோஷர் ஒழுகும், அதனால் புது வோஷர் இரண்டு கையோடு கொண்டுபோங்கள்.